பதினெட்டு முடிந்த பிறகு யார் பொறுப்பு?

மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்கு 18 வயது நிறையும்போது தமிழ்நாட்டில் ஒரே சமயத்தில் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில் தொடங்கி 18இல் நின்றுவிடுகிறது. அதுவரை பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்ட அப்பாவும் அம்மாவும் சட்டத்தின் கண்ணில் அன்றோடு பாதுகாவலர் இல்லை. வங்கியில் மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றச் சொல்கிறார்கள். பத்து வருடமாக வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்துபோன சிறப்பாசிரியரின் பதிவேட்டில் அந்தப் பெயர் அடுத்த வருடம் இருக்காது.

கதவு மூடுவது பிரச்சினையே இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி ஒருநாள் முடியத்தான் செய்யும். அடுத்த கதவு எது, அதைத் திறக்க யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கவுன்சலிங் இருக்கிறது. ஐடிஐக்குப் போகும் பிள்ளைக்கு விண்ணப்பம் இருக்கிறது. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ பெருமூளை வாதமோ உள்ள பிள்ளைக்கு இருப்பது பெரும்பாலும் வீட்டுத் திண்ணை.

இத்தனைக்கும் நம்மிடம் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. படிப்பைப் பார்ப்பது பள்ளிக் கல்வித்துறையும் அதன் கீழ் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோவும் அதன் ஆட்கள். குறைபாட்டின் சதவீதத்தை எழுதித் தருவது அரசு மருத்துவமனை. அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி, தையல் மெஷின் எல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பாதுகாவலர் சான்று கலெக்டர் ஆபீஸ். ஐடிஐ, வேலைவாய்ப்புப் பயிற்சித்துறை. தொழிற்கடனுக்கு மாவட்டத் தொழில் மையம், கூட்டுறவு வங்கி. சென்னை கிண்டியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது இன்றும் விஆர்சி என்ற பழைய பெயரில்தான் தெரியும். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் மத்தியச் சமூகநீதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஒரு மாநில அரசின் நாலைந்து துறைகள், மத்திய அரசின் இரண்டு அமைச்சகங்கள், நடுவே தொண்டு நிறுவனங்கள்.

இத்தனை மேஜைகளுக்கும் பொதுவான ஒரே பொருள் அம்மாவின் கையிலிருக்கும் பிளாஸ்டிக் ஃபைல். அதைத் திறந்து பார்த்தால் லேமினேட் செய்த அடையாள அட்டை, அதன் ஜெராக்ஸ் நாலைந்து, எப்போதோ எடுத்த ஐக்யூ ரிப்போர்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார், குடும்ப அட்டை, முத்திரை குத்திய பழைய மனுக்கள். ஒவ்வொரு மேஜையிலும் பிரசவ அறையிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். பள்ளியில் அந்தப் பையன் எதைக் கற்றுக்கொண்டான், தனியாகப் பஸ் ஏறுவானா, காசு எண்ணத் தெரியுமா, எந்தச் சத்தம் கேட்டால் மிரளுவான் என்று சிறப்பாசிரியருக்குத் தெரிந்த எதுவும் அந்த ஃபைலில் இருக்காது. வேலைக்கு எடுப்பவருக்குத் தேவைப்படுவதோ அது மட்டும்தான்.

துறைகள் ஒன்றுசேர்ந்து செயல்பட வேண்டும் என்று எழுதாத அரசாணை கிடையாது. அந்த வாக்கியத்தால் மட்டும் எதுவும் நகர்ந்ததில்லை. யார் யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளைக்கு எந்த வயதில் கூப்பிட வேண்டும், செலவு யார் கணக்கில் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கும் இடங்களில்தான் ஏதோ நடந்திருக்கிறது. இதை அதிக காலம் முயன்று பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே பள்ளியிலிருந்து வாழ்க்கைக்கு மாறும் இந்தக் கட்டத்துக்குச் சட்டம், நிதி, வழக்கு, ஆராய்ச்சி எல்லாம் நாற்பது வருடமாகச் சேர்ந்திருக்கிறது. தோல்விகளையும் அவர்கள் ஒளிக்காமல் பதிந்துவைத்திருக்கிறார்கள் என்பதால் நமக்கு அது கூடுதல் பயன்.

அமெரிக்கா 1975இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அனைவருக்கும் பொதுப் பள்ளிக் கல்வியைச் சட்டமாக்கியது. எட்டு, ஒன்பது வருடத்தில் அந்தச் சட்டத்தால் பள்ளிக்குள் வந்த முதல் தலைமுறை வெளியே வந்தது. வந்தவர்களில் பலர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அப்போது மத்தியக் கல்வித்துறையில் சிறப்புக் கல்விப் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்தவர் மேடலின் வில். அவரே டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மகனின் தாய். 1984இல் அவர் வெளியிட்ட கொள்கை அறிக்கைதான் இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி. பள்ளிக்கும் வேலைக்கும் நடுவே மூன்று பாலங்கள் வேண்டும் என்றார்: தனி உதவி எதுவும் தேவைப்படாதவருக்கு ஒன்று, கொஞ்ச காலம் மட்டும் உதவி தேவைப்படுபவருக்கு ஒன்று, வாழ்நாள் முழுக்க உதவி தேவைப்படுபவருக்கு ஒன்று. அடுத்த வருடமே ஆண்ட்ரூ ஹால்பர்ன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். வேலை கிடைத்தால் போதுமா, இருக்க இடமும் பழக நாலு பேரும் வேண்டாமா என்று. இந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. தீராமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

1990இல் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது மாற்றத் திட்டம் கட்டாயமானது. ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவருக்கும் அங்கே தனிநபர் கல்வித் திட்டம் என்று எழுத்தில் ஓர் ஆவணம் உண்டு. அதில் 16 வயதுக்குள் பள்ளிக்குப் பிந்தைய இலக்குகளும் அதற்கான சேவைகளும் இடம்பெற வேண்டும். அந்தச் சேவைக்குப் பணம் தரக்கூடிய, அல்லது அதைச் செய்யக்கூடிய வெளி அமைப்பைப் பள்ளி கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அழைக்கும் முன் பெற்றோரிடமோ வயது வந்த மாணவரிடமோ சம்மதம் வாங்க வேண்டும். ஒப்புக்கொண்ட அமைப்பு செய்யாமல் கைவிட்டால் பள்ளி மறுபடி கூட்டம் போட்டு வேறு வழி தேட வேண்டும். கடைசியில் சொன்ன விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைவிடப்படும் என்று சட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்து, கைவிட்டால் பந்து யார் பக்கம் என்றும் எழுதிவைத்திருக்கிறது. நம் அரசாணைகளில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை பொங்கி வழியும்.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. பொறுப்பு பள்ளியின் தலையில்; பணமோ மாநிலத் தொழில்சார் மறுவாழ்வுத்துறையின் கையில். மறுவாழ்வு அதிகாரி கூட்டத்துக்கு வரவில்லை என்றால் பள்ளியால் என்ன செய்ய முடியும்? 2014இல் வந்த தொழிலாளர் சட்டம் அதைச் சரிசெய்ய முயன்றது. மறுவாழ்வுத்துறைக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 15 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களின் வேலை முன்தயாரிப்புக்கே ஒதுக்க வேண்டும். மாநிலக் கல்வித்துறையோடு முறையான ஒப்பந்தம் போட்டு, யார் எதற்குச் செலவழிப்பது என்று அதில் எழுத வேண்டும். வேலைகளைப் பற்றி அறிமுகம், நிஜ வேலையிடத்தில் அனுபவம், மேற்படிப்பு ஆலோசனை, வேலையிட ஒழுங்குகள், தன் தேவையைத் தானே பேசும் பழக்கம் என்று ஐந்து சேவைகளையும் சட்டமே பெயர் சொல்லிக் குறித்தது. அதுவரை அழைத்தும் வராத அதிகாரிகளுக்குப் பள்ளிக்கு வரக் காரணம் கிடைத்தது.

இந்தச் சட்டங்களைவிட எனக்குப் பாடம் சொன்னது ஒரு மருத்துவமனையின் ஸ்டோர் ரூம். ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் அவசர சிகிச்சைப் பிரிவு நர்சுகளுக்குத் தலைமை வகித்தவர் எரின் ரீல். அவருக்கு ஓயாத தலைவலி ஒன்று: சிகிச்சை அறைகளில் ஊசி, கையுறை, குழாய் வகைகளைத் தீரத் தீர நிரப்பிவைக்கும் வேலைக்கு ஆள் நிற்பதே இல்லை. ஒரே மாதிரியான வேலை. வந்தவர்கள் கொஞ்ச நாளில் போய்விடுவார்கள். ஆனால் ஒரு டப்பா இடம் மாறினால் உயிர் போகலாம். முறை தவறாமல் செய்ய விரும்பும் ஒருவருக்கு இது பொருத்தமான வேலை ஆயிற்றே, இத்தனை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் இடத்தில் அவர்களில் ஒருவர்கூட ஏன் வேலையில் இல்லை என்று யோசித்தவர், அந்த வட்டாரத்துத் தொழிற்கல்விப் பள்ளி அமைப்பில் சிறப்புக் கல்வியைப் பார்த்துக்கொண்டிருந்த சூசி ரட்கோவ்ஸ்கியைத் தேடிப்போனார். அப்படித் தொடங்கியதுதான் பிராஜெக்ட் சர்ச்.

திட்டம் எளிது. பள்ளியின் கடைசி வருடத்தை மாணவர்கள் பள்ளியில் கழிப்பதில்லை, மருத்துவமனையில் கழிக்கிறார்கள். அங்கேயே ஒரு வகுப்பறை. காலையில் கொஞ்ச நேரம் பாடம், மீதி நேரம் ஏதோ ஒரு பிரிவில் வேலை. ஏறக்குறைய பத்து வாரத்துக்கு ஒரு பிரிவாக வருடத்தில் மூன்று. ஆசிரியரின் சம்பளம் பள்ளிக் கணக்கில். பக்கத்தில் நின்று வேலை பழக்கும் பயிற்சியாளரின் செலவு மறுவாழ்வுத்துறைக் கணக்கில். வேலை கிடைத்த பிறகும் வருடக்கணக்கில் தேவைப்படும் தொடர் ஆதரவு, வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான அமைப்பின் கணக்கில். இடமும் வேலையும் மேற்பார்வையும் மருத்துவமனை தருவது. நாலு பேரின் பணமும் தனித்தனியாகவே இருக்கிறது, யாரும் யாருக்கும் நிதியை மாற்றித் தரவில்லை; ஆனால் நாலும் ஒரே பையனைச் சுற்றி, ஒரே கூரையின் கீழ் செலவாகிறது. வேலையை உடைத்துப் பார்த்துப் பட்டியலிடுவதும், நிறம் ஒட்டி அடையாளம் வைப்பதும், பட அட்டை செய்வதும் நம் ஊர்ச் சிறப்பாசிரியர்களுக்கும் கைவந்த கலைதான். அவர்களுக்கு மருத்துவமனை வாசல் திறந்ததில்லை, அவ்வளவே வித்தியாசம்.

இது வேலை செய்கிறதா? வர்ஜீனியாவில் ஆட்டிசம் உள்ள இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பால் வேமன் குழுவினர் செய்தது. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போன 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. போகாத 16 பேரில் ஒருவருக்குத்தான். மிகச் சின்ன ஆய்வு, பயிற்சியாளர்களை வஞ்சனையில்லாமல் நியமித்து நடத்திய ஆய்வு. எல்லா ஊரிலும் இதே கணக்கு வரும் என்று நம்பத் தேவையில்லை. ஆனாலும் 21க்கும் 1க்கும் உள்ள இடைவெளியை அப்படியே தள்ளிவிட முடியாது.

இனி மறுபக்கம். இத்தனை சட்டமும் நிதியும் இருந்தும் அமெரிக்கப் பெற்றோர் பள்ளி முடியும் அந்த இடத்தைச் செங்குத்துப் பாறை விளிம்பு என்றுதான் சொல்கிறார்கள். பால் ஷாட்டக் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் பள்ளியை விட்டு இரண்டு வருடத்துக்குள் இருப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேலையிலும் இல்லை, படிப்பிலும் இல்லை என்று காட்டியது. காரணம் எளிது. பள்ளிச் சேவை உரிமை; கேட்டால் தந்தே ஆக வேண்டும், மறுத்தால் வழக்குப் போடலாம். பெரியவர்களுக்கான சேவைகளில் பல தகுதி பார்த்துத் தருபவை. தகுதி இருந்தாலும் நிதி இருந்தால்தான், அதுவரை காத்திருப்போர் பட்டியல். 18 வயதானதும் குழந்தைக்கு வந்துகொண்டிருந்த சமூகப் பாதுகாப்பு உதவித்தொகையைப் பெரியவர்களுக்கான அளவுகோல்படி மறுபடி பரிசீலிக்கிறார்கள். உரிமையிலிருந்து தகுதிக்கு இறங்கும் அந்தப் படியை எந்தக் கூட்டமும் சமன்செய்ய முடியாது.

அதைவிட உறுத்தலான பாடம் ரோட் தீவு மாநிலத்தில் கிடைத்தது. தலைநகர் பிராவிடன்ஸில் மவுண்ட் பிளசன்ட் உயர்நிலைப் பள்ளிக்குள்ளே பர்ச் என்ற தொழிற்பயிற்சிப் பிரிவு இருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்கள் அங்கே நகைச் சாமான்களைப் பிரித்துக் கோத்துப் பொட்டலம் கட்டினார்கள். கூலி, ஒரு மணிநேரத்துக்கு 50 சென்ட் முதல் 2 டாலர் வரை. சிலருக்கு அதுவும் இல்லை. பள்ளி முடிந்ததும் பலர் பக்கத்திலிருந்த ஒரு தனிப் பட்டறைக்கு அப்படியே அனுப்பப்பட்டு, அங்கேயே வருடக்கணக்கில் அதே வேலை. அமெரிக்க நீதித்துறை விசாரித்து, 2013இல் மாநகரத்தோடும் மாநிலத்தோடும் ஓர் இடைக்கால உடன்பாடும் 2014இல் மாநிலம் முழுவதற்கும் ஒரு சம்மதத் தீர்ப்பும் கொண்டுவந்தது. குறைபாடு உள்ளவர்களைக் காரணமின்றிப் பிரித்துவைப்பது பாகுபாடு என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் சொன்னதுதான் அடிப்படை.

யோசித்துப் பார்த்தால் பர்ச் ஒரு கச்சிதமான ஒருங்கிணைப்பு. பள்ளிக்கும் பட்டறைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. கைமாற்றம் வழுவழுப்பாக நடந்தது. கைமாற்றிய இடம்தான் தவறு. துறைகள் கைகோத்தாலே நல்லது நடக்கும் என்று எழுதுபவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். எங்கே போக விரும்புகிறாய் என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தைப் பற்றி ஒரு வரி போதும். 2014ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி, உடல்நலம், சமூகப் பராமரிப்பு மூன்றையும் ஒரே திட்ட ஆவணத்தில் சேர்த்து, தேவைப்பட்டால் 25 வயதுவரை நீட்டலாம் என்றது. 18 என்பது கல்லில் செதுக்கிய எண் இல்லை என்று காட்ட அது உதவும்.

நம் ஊருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது சட்டம் ஏற்றிருந்த குறைபாடுகள் ஏழு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21ஆக்கியது. மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை இன்று அந்தக் கணக்கைவிட அதிகம் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

எல்லோருடைய நிலையும் ஒன்றல்ல. பார்வையற்ற மாணவருக்கு ஒரு தடம் விழுந்திருக்கிறது: பாளையங்கோட்டை போன்ற ஊர்களில் நூற்றாண்டு கண்ட பள்ளிகள், சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், கல்லூரியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டின் ஒரு பங்கு. ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ ஆன ஓர் அண்ணன் எந்த மாவட்டத்திலும் இருப்பார். அவரே நடமாடும் வழிகாட்டி அலுவலகம். செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தடம் குறுகலானது. சைகை மொழியில் பாடம் நடத்தும் கல்லூரி வகுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறிவுசார் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் வரும்போது தடமே மறைகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கும் அரசு வேலையில் 1 சதவீதத்தில் பங்கு தந்தது. ஆனால் சிறப்புப் பள்ளியில் பத்து வருடம் படித்தும் எட்டாம் வகுப்புச் சான்றுகூட இல்லாதவர் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது? ஐடிஐ வாசலிலும் அதே சான்றைத்தான் கேட்கிறார்கள். திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வு எழுதவைக்கலாம் என்று பள்ளியில் யாராவது பதினாலு வயதில் சொல்லியிருந்தால் கதை வேறு.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு பூட்டு. வயதுக்கு வந்த மகளை, தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாத மகளை, யாரை நம்பிப் பயிற்சிக்கு அனுப்புவது என்று தாய் கேட்டால் எந்த அதிகாரியிடமும் பதில் இல்லை. பல வீடுகளில் பள்ளி நிற்பது பதினெட்டில் அல்ல, பன்னிரண்டு பதிமூன்றிலேயே.

பாதுகாவலர் சான்று விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட அளவில் ஓர் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். கலெக்டர் அந்தஸ்தில் உள்ள அதிகாரி, பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூவர் குழு. அரசு, சமூகம், பாதிக்கப்பட்டவர் மூவரும் ஒரே மேஜையில் உட்காரும்படி சட்டமே செய்த அமைப்பு இது. நீதிமன்றம் போகாமல் வேலை முடிகிறது. சான்றை ஏற்கும்படி ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. ஆனால் குழு கூடுவது கலெக்டரின் நேரத்தைப் பொறுத்தது. கூடினாலும் பேசப்படுவது யார் கையெழுத்துப் போடுவது என்பது மட்டும். அந்த இளைஞர் நாளை காலை எழுந்து எங்கே போவார் என்பது நிகழ்ச்சி நிரலில் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ 14ஆம் பிரிவில் வேறு பாதை போட்டது: முழுப் பொறுப்பையும் ஒருவரிடம் தூக்கிக் கொடுக்காமல், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புள்ள பாதுகாவலர். இந்தியா 2007இல் ஏற்ற ஐநா உடன்படிக்கையின் போக்கு அது. இரண்டு சட்டமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நடைமுறையில் ஜெயிப்பது பழையது, ஏனென்றால் வங்கி மேனேஜருக்கு ஒரே ஒரு கையெழுத்துப் போதும்.

நம்மிடம் கைமாற்றம் ஒழுங்காக நடந்த இடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் துறைகள் சேர்ந்த இடங்கள் இல்லை. ஒரே நிறுவனம் எல்லாத் துறையாகவும் மாறிக்கொண்ட இடங்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி, கிராமத்து மறுவாழ்வு என்று எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும், பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் குழந்தையாக வந்தவர்கள் பெரியவர்களாகும்போது அவர்களோடு கூடவே வளர்ந்தது. அவர் பின்னாளில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். இந்த மாதிரி இடங்களில் ஃபைல் அலைவதில்லை. பிள்ளையைத் தெரிந்தவர்களே அடுத்த அறையில் இருக்கிறார்கள். ஆனால் ஆய்க்குடிக்கும் கோட்டூர்புரத்துக்கும் பக்கத்தில் பிறக்கும் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காதே. தருமபுரியில் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு அரசைவிட்டால் ஆள் இல்லை.

அரசு உதவியோடு 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடுடையோருக்குத் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களும் மாவட்டங்களில் நடக்கின்றன. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெழுகுவர்த்தி, பேப்பர் கவர், பினாயில், கால்மிதி. பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேப்பர் கவரை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் தீபாவளி ஸ்டாலையும் ஏதோ ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியையும் காட்டுவார்கள். பர்ச் பட்டறையின் சாயல் இதில் இல்லையா? சந்தையில் இருக்கும் வேலைக்கு ஆளைப் பழக்குவதும், ஆளைப் பழக்கிவிட்டுப் பிறகு வேலை தேடுவதும் வேறு வேறு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சலவைப் பிரிவு இருக்கிறது, மருந்துக் கிடங்கு இருக்கிறது, பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை இருக்கிறது, ஆவின் இருக்கிறது. எரின் ரீல் செய்ததைப் போல் தன் பிரிவில் எந்த வேலைக்கு ஆள் நிற்பதில்லை என்று ஒரு கண்காணிப்பாளர் பார்த்தால் தொடங்கிவிடலாம். தனியார் முதலாளிக்கு, மாற்றுத்திறனாளி ஊழியருக்கான வருங்கால வைப்பு நிதிப் பங்கை மூன்று வருடம் மத்திய அரசே கட்டும் திட்டம் 2008இல் வந்தது. தெரிந்தவர் எத்தனை பேர்?

யார் கூப்பிடுவது என்ற கேள்விக்கு என் பதில் சிறப்பாசிரியர். அவரைவிடப் பிள்ளையை அறிந்தவர் அரசுப் பட்டியலில் கிடையாது. ஆனால் அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர். ஒரு வட்டாரத்துப் பள்ளிகளையும் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் சுற்றிவர வேண்டியவர். நிரந்தரப் பணி கேட்டுப் போராடி அலுத்தவர். மாவட்ட அதிகாரியை, ஐடிஐ முதல்வரை, மருத்துவமனைக் கண்காணிப்பாளரைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அழைப்பில் தலைமையாசிரியர் கையெழுத்தும் கலெக்டர் முத்திரையும் இருந்தால் வருவார்கள். ஒன்பதாம் வகுப்பில், பிள்ளைக்குப் பதினாலு வயதாகும்போது, முதல் கூட்டம். பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், பேச முடியாவிட்டால் படம் காட்டியாவது அவர் விருப்பம் பதிவாக வேண்டும். புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தொழிற்பயிற்சியை அரசின் கடமை என்கிறது. அதன் கீழ் ஓர் அரசாணை போதும். ஆனால் ஒப்புக்கொண்ட துறை வராவிட்டால் அடுத்த கூட்டத்தை யார், எத்தனை நாளுக்குள் கூட்டுவது என்ற வரி அதில் இருந்தாக வேண்டும்.

இப்போது வாய்ப்பும் வந்திருக்கிறது. 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த உரிமைகள் திட்டத்தில், விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டுவருகின்றன. மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். நல்ல யோசனை. ஆபத்து ஒன்றுதான்: பழைய அலுவலகங்கள் அப்படியே இருக்க இதுவும் ஃபைலைத் திறந்து காட்ட வேண்டிய இன்னொரு மேஜையாகிவிடலாம். பள்ளிப் பதிவேடும் மையத்தின் பதிவேடும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியல் மையத்துக்கு வருகிறதா என்று கேட்டுப் பார்த்தாலே எது நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

செலவு யார் கணக்கில் என்பதில் பெரிய தொகைகளைவிடச் சின்னவைதான் ஆளை நிறுத்துகின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. உடன் செல்லும் அந்த ஒருவர் அம்மா. பிள்ளை பள்ளியில் இருந்தவரை பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படியும் துணைக்கு வருபவருக்கான படியும் உண்டு. தொகை சிறியதுதான், ஆனாலும் அவர் ஒரு நாள் கூலியை விட்டு வந்ததற்கு ஏதோ ஈடு. பள்ளி முடிந்து அதே அம்மா அதே பிள்ளையோடு பயிற்சி மையத்துக்குப் பஸ் ஏறும்போது பள்ளிக் கணக்கிலிருந்த அந்தப் படி கூட வருவதில்லை. தொழிற்பயிற்சிக்கு நிதி ஒதுக்குபவர்கள் மெஷினுக்கும் பயிற்றுநருக்கும் உதவித்தொகைக்கும் கணக்குப் போடுகிறார்கள். நூறுநாள் வேலைக்கோ பூப்பறிக்கவோ போக வேண்டிய அம்மா மாலைவரை மைய வாசலில் உட்கார்ந்திருப்பதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை. இரண்டாவது மாதம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழத் தொடங்கும். காரணம் என்ற கட்டத்தில் விருப்பமில்லை என்று எழுதுவார்கள்.